பயிற்சி ஆலோசகர்களுக்குத் தற்கவனிப்பை எப்படிப் பாடமாக நடத்துவது? ராமநாதபுரம் கடற்கரைக் களப்பயிற்சிக்கு யோசனை தேவை

மண்டபம்கரை (கேள்வி)

வணக்கம். கவுன்சலிங் டிப்ளமோ மாணவர்கள் 14 பேருக்கு அடுத்த பருவத்தில் தற்கவனிப்பு (உதவுகிறவர் தன்னையும் பார்த்துக்கொள்வது) என்று ஒரு தாள் வைக்கிறோம். 16 வாரம், வாரத்துக்கு 2 மணி நேரம். 14 பேரில் 11 பேர் பெண்கள். பாதிக்கு மேல் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளைகள். வாரம் 3 நாள் களப்பயிற்சி: பள்ளிகள், இலங்கைத் தமிழர் முகாம், மீனவர் குடும்பங்கள். மனநோயாளிகளை வேண்டுதலுக்குக் கூட்டிவருகிற ஏர்வாடி தர்காவுக்கும் ஒரு நாள் கூட்டிப்போகிறோம்.

கையில் இருக்கிற பாடத்திட்டத்தில் யோகா, மூச்சுப்பயிற்சி, சத்துணவு, நேர மேலாண்மை என்று நாலு தலைப்பு. இலங்கைச் சிறையில் இருக்கிற மீனவரின் மனைவியிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்துவரும் பிள்ளை அன்று மாலை என்ன செய்யும்? அதற்கு இதில் பதில் இல்லை.

எதில் தொடங்குவது, சோர்வை எப்படி அளப்பது, சொந்த ஊரிலேயே கேஸ் பார்க்கிற பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு, மதிப்பெண் எதற்குப் போடுவது? நடத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை

மூச்சுப்பயிற்சியை முதல் வகுப்பில் எடுக்காதீர்கள். எந்தக் களைப்பு என்று தெரியாமல் கொடுக்கிற மருந்தாகிவிடும். முதல் 3 வாரம் களைப்பை இனம் பிரிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

உடல் அசதி என்பது தூங்கி எழுந்தால், வயிறாரச் சாப்பிட்டால் போய்விடும். பணிச்சோர்வு (பர்னவுட்) அப்படிப் போகாது. 1974-ல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இதைப் பற்றி எழுதினார். பின்னால் கிறிஸ்டினா மஸ்லாக் அதை 3 கூறாகப் பிரித்தார்: உள்ளே வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை மனுசராகப் பார்க்காமல் கேஸாகப் பார்ப்பது, ‘நான் செய்து என்ன ஆகப்போகிறது’ என்று கை தளர்வது. இது மாதக்கணக்கில் மெல்ல ஏறும். பெரும்பாலும் பளுவாலும், வேலையில் தன் பேச்சுக்கு இடமில்லாததாலும் வரும்.

மூன்றாவது வகை இரண்டாம்நிலை அதிர்ச்சி. வேறொருவர் பட்ட கொடுமை, கேட்டவருக்குள் படமாக ஓடுவது. ஒரே செஷனில்கூட வந்துவிடும். கேட்ட காட்சி கனவில் வரும், குறிப்பிட்ட தெருவைத் தவிர்க்கத் தோன்றும், கதவு தட்டினால் தூக்கிவாரிப்போடும். இரண்டு நாள் லீவு கொடுத்தால் பணிச்சோர்வு கொஞ்சம் இறங்கும். இரண்டாம்நிலை அதிர்ச்சி லீவில் இறங்காது, வீட்டில் தனியாக இருக்கும்போது இன்னும் ஏறவும் செய்யும். மேற்பார்வையாளரிடம் (மாணவர் பார்க்கிற கேஸ்களை உட்கார்ந்து பேசி வழிநடத்துகிற மூத்தவர்) பேசித்தான் ஆக வேண்டும்.

தமிழில் நடத்தும்போது ஒரு சிக்கல் வரும். மாணவர்கள் எல்லாவற்றையும் ‘மனச்சோர்வு’ என்பார்கள். அது டிப்ரஷனுக்கு வைத்த சொல். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வு வேலை சார்ந்த ஒரு நிலை, நோயாகச் சேர்க்கப்படவில்லை. இரண்டையும் குழப்பினால் இரண்டு பக்கமும் கேடு. வேலைப் பளுவுக்கு மாத்திரை தேடுவார்கள், அல்லது சிகிச்சை தேவைப்படுகிற டிப்ரஷனை ‘வேலை அலுப்பு’ என்று தள்ளிப்போடுவார்கள். தூக்கம், பசி, விருப்பம் எல்லாம் 2 வாரத்துக்கு மேல் விழுந்து கிடந்தால் டாக்டரிடம் அனுப்புங்கள்.

அளப்பதற்கு புரோக்வால் என்கிற படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. 30 கேள்வி. கடந்த 30 நாளை நினைத்து 1 முதல் 5 வரை போட வேண்டும். உதவுவதில் கிடைக்கிற நிறைவு, பணிச்சோர்வு, இரண்டாம்நிலை அதிர்ச்சி என்று பத்துப் பத்துக் கேள்வியாக 3 தனிக் கூட்டல். 22 வரை குறைவு, 23 முதல் 41 வரை நடுத்தரம், 42-ம் அதற்கு மேலும் அதிகம். மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லவே கூடாது.

பலரும் தவறுகிற இடம் கூட்டல்தான். பணிச்சோர்வுப் பகுதியில் 1, 4, 15, 17, 29 ஆகிய ஐந்தையும் திருப்பிப் போட வேண்டும்: 5 என்றால் 1, 4 என்றால் 2. திருப்ப மறந்தால் சந்தோஷமாக இருக்கிற பிள்ளைக்குத்தான் சோர்வு அதிகம் என்று வரும்.

களப்பயிற்சி தொடங்கி 30 நாள் ஆகும் முன் இதைக் கொடுக்காதீர்கள், நினைத்துப் பார்க்க அவர்களிடம் எதுவும் இருக்காது. 6, 11, 16-ம் வாரங்களில் வையுங்கள். தாளை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அது மாணவரிடமே இருக்கட்டும். வாங்குகிறீர்கள் என்று தெரிந்தால் எல்லோரும் 3-ல் வட்டம் போட்டுத் தருவார்கள். நோயைக் கண்டுபிடிக்கிற கருவி இல்லை என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

---

தொண்டிக்காரி

வைகைக்கரை ஐயா சொன்னது சரி. இனம் பிரித்த பிறகு செய்ய வேண்டியது கால அட்டவணையில் இருக்கிறது. ‘உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வகுப்பில் சொல்லிவிட்டு, களத்தில் ஒரு நாளைக்கு 6 பேரைப் பார்க்கச் சொன்னால் அந்த வகுப்பே பொய்.

முதல் மாதம் நாளைக்கு 2 பேர், பிறகு 3 பேர். அதற்கு மேல் பயிற்சிக்காலத்தில் வேண்டாம். மரணம், வன்முறை, காணாமல்போனவர் என்று கனமான இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஒரு செஷனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 15 நிமிடம் கட்டாயம் வேண்டும். அந்த 15 நிமிடத்தை எப்படிச் செலவிடுவது என்பதையும் செய்துகாட்டிப் பழக்குங்கள்.

முதல் 5 நிமிடம் குறிப்பு. ஐந்தே வரி: யார் (எண் மட்டும், பெயர் வேண்டாம்), என்ன சொன்னார், ஆபத்து உண்டா, என்ன முடிவானது, அடுத்து யார் என்ன செய்ய வேண்டும். கடைசி வரிதான் முக்கியம். ‘அடுத்து யார்’ என்பதை எழுதாவிட்டால் அந்த வேலை மனசிலேயே கிடந்து ராத்திரி எழுப்பும். ‘பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசுவது: மேற்பார்வையாளர், வியாழன்’ என்று எழுதி நோட்டை மூடினால் அது தாளுக்குப் போய்விடும். அடுத்து எழுந்து முகம் கழுவி ஒரு டம்ளர் தண்ணீர். அதன் பிறகு நின்றபடியே தனக்குள் ஒரு கேள்வி: ‘இந்தப் பாரத்தில் என் வீட்டுப் பாரம் ஏதாவது கலந்திருக்கிறதா?’ ஆமாம் என்றால் நோட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி. புள்ளி வைத்த கேஸை அந்த வார மேற்பார்வையில் முதலில் எடுங்கள்.

குறிப்பை வீட்டில் போய் எழுதுகிற பழக்கத்தை முதல் வாரத்திலேயே நிறுத்துங்கள். ராத்திரி 9 மணிக்கு எழுத உட்கார்ந்தால் அந்தச் செஷனை இன்னொரு முறை முழுதாக நடத்தியதாக ஆகிறது. எழுதி முடித்ததும் தூக்கம் வராது.

பெண் பிள்ளைகள் 11 பேர் என்கிறீர்கள். கடற்கரைக் குப்பங்களில் போகிற இடத்தில் கழிப்பறை இருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புவார்கள். சித்திரை வெயிலில் தலைவலி, மயக்கம், சிறுநீர்த் தொற்று எல்லாம் இதனால்தான். தற்கவனிப்புத் தாளில் முதல் செய்முறையாக, ஒவ்வொரு களத்திலும் பயன்படுத்தக்கூடிய கழிப்பறை எங்கே என்று விசாரித்து, பள்ளி, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் என்று குறித்த படம் ஒன்றை மாணவர்களே வரையட்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் பணி போடாதீர்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இதைச் சரிசெய்யாமல் தியானம் சொல்லிக்கொடுக்கிற வகுப்பைப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று, பெயர். ஊரில் ‘கவுன்சிலர் வந்திருக்காங்க’ என்றால் வார்டு கவுன்சிலர் என்றுதான் காதில் விழும். ரேஷன் கார்டு, பட்டா, குடிதண்ணீர், பிடிபட்ட படகை மீட்க மனு எல்லாம் அந்தப் பிள்ளையின் கையில் வந்து சேரும். மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டு, செய்யவும் முடியாமல் குற்ற உணர்ச்சியில் தேய்வார்கள். ‘மனநல ஆலோசகர் பயிற்சியில் இருக்கேன், மனசு பாரமா இருந்தா பேசலாம். மனு விஷயத்துக்கு இன்ன ஆபீஸில் இன்னாரைப் பாருங்க’ என்று சொல்லிப் பழக்குங்கள். இரண்டாவது வாக்கியத்துக்காகக் கிராம நிர்வாக அலுவலர், மீன்வளத் துறை, இலவச சட்ட உதவி மையம் ஆகியவற்றின் முகவரிகளை ஒரே தாளில் அடித்து ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள்.

போன் பற்றி: சொந்த எண்ணைக் கொடுக்கக் கூடாது. நிறுவன சிம் ஒன்று, காலை 9 முதல் மாலை 6 வரை. அதற்கு மேல் வரும் வாட்ஸ்அப்புக்குத் தானாகப் போகிற பதில்: ‘உங்கள் செய்தி வந்தது. நாளை காலை 9 மணிக்கு மேல் பேசுகிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் 108. மனசு தாங்கவில்லை என்றால் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள். குழந்தை விஷயம் என்றால் 1098.’ இந்தப் பதில் வருமென்று முதல் சந்திப்பிலேயே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வந்தால் கதவை அடைத்தது மாதிரி இருக்கும்.

---

உப்புக்காற்று

மூன்றாவது கேள்விக்கு. வெளிநாட்டுப் பாடநூல்கள் ‘தெரிந்தவருக்கு ஆலோசனை சொல்லாதே’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். நம் கரையில் தெரியாதவர் யார்? பாம்பனில் இருப்பவருக்குத் தங்கச்சிமடத்தில் பெண் கொடுத்திருக்கும், மண்டபத்தில் படகுப் பங்கு இருக்கும். அடுத்த ஊருக்கு மாற்றினால் போதும் என்பது இங்கே செல்லாது.

முதல் வாரமே ஒவ்வொரு மாணவரும் ஒரு தாள் எழுதட்டும்: தெரு, தேவாலயம் அல்லது ஜமாத் அல்லது கோவில் வரி, வீட்டு ஆண்கள் போகிற படகு, படகு முதலாளி, பெண் கொடுத்தும் எடுத்தும் கொண்ட ஊர்கள், கடன் வாங்கியிருக்கிற வியாபாரி. கடைசியைப் பலரும் மறப்பார்கள், ஆனால் சிக்கல் அங்கேதான் வரும். இந்தத் தாள் ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும் பூட்டில் இருக்க வேண்டும். புதுக் கேஸ் வந்தால் நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்து ஆளை ஒதுக்குங்கள். ‘இவரை உனக்குத் தெரியுமா?’ என்று மாணவரிடம் கேட்டால் கேட்ட நொடியிலேயே ரகசியம் போய்விட்டது. ஒரே படகு, ஒரே முதலாளி, ஒரே தெரு என்றால் கொடுக்கவே கூடாது.

கேஸ் பார்த்தவரை ஏலக்கூடத்திலோ திருவிழாவிலோ சந்திப்பதைத் தவிர்க்க முடியாது. ‘வெளியில் பார்த்தால் நானாக வந்து பேச மாட்டேன், நீங்க பேசினா சாதாரணமாப் பேசுவேன், இங்கே பேசினதை எடுக்க மாட்டேன்’ என்று முதல் செஷனிலேயே சொல்லச் சொல்லுங்கள். இதை வகுப்பில் இரண்டு இரண்டு பேராக நிறுத்தி நடித்துப் பார்க்க வேண்டும். வாயில் வராத வாக்கியம் கூட்டத்தில் கைகொடுக்காது.

கைதான மீனவர் குடும்பங்களுக்குப் போகிறவர்களுக்குத் தனி நாட்காட்டி வேண்டும். இலங்கை நீதிமன்றத்தில் காவல் நீட்டிப்பு வரும் தேதியைக் குறித்து வையுங்கள். அன்று சாயங்காலம் அந்தக் குடும்பம் உடையும், போகிற பிள்ளையும் கூடவே உடையும். மேற்பார்வையை அடுத்த வாரத்துக்கு வைக்காமல் மறுநாள் காலையே 30 நிமிடம் வையுங்கள். அந்த மாணவரின் அப்பாவோ அண்ணனோ அதே கடலில் தொழிலுக்குப் போகிறவர் என்றால் அந்தக் கேஸிலிருந்து எடுத்துவிடுங்கள். முடிவை அவரிடம் விடாதீர்கள். ‘என்னால் முடியும் சார்’ என்றுதான் சொல்வார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், ஆண்கள் வீட்டில், கையில் காசு இருக்காது. முடியும் நேரத்தில் பள்ளி திறந்து ஃபீஸ் கேட்பார்கள். கேஸ் கூடும். அதே நாட்களில் உங்கள் மாணவர் வீட்டிலும் அதே பஞ்சம்தான். களப்பயிற்சிக்கு பஸ் செலவை அந்த 2 மாதமாவது முன்கூட்டிக் கொடுத்துவிடுங்கள்.

வாரா வாரம் மாணவர் மனசின் நிலவரம் கேட்க, பாம்பன் துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் கூண்டை எடுத்துக்கொள்ளலாம். கரையோரப் பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். 1, 2 என்றால் தூரத்தில் ஏதோ உருவாகிறது: சொன்னால் போதும். 3, 4 என்றால் நம் பக்கமே வந்துவிட்டது: அந்த வாரம் ஒரு கேஸ் குறைத்துக் கூடுதலாக ஒரு மேற்பார்வை. 5-ம் அதற்கு மேலும் அபாயம்: களம் நிறுத்தி அன்றே தனியாகப் பேச வேண்டும். 11-ம் எண் தகவல் தொடர்பே அறுந்துபோனதற்கு. 3 வாரமாக ‘ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்’ என்று மட்டும் சொல்கிற பிள்ளைக்கு நீங்களே 11 போட்டுக்கொள்ளுங்கள். எண்ணைச் சொன்னால் போதும், காரணம் கேட்கக் கூடாது. காரணம் கேட்டால் அடுத்த வாரம் எல்லோரும் 1-தான்.

---

சேதுபாதை

ஏர்வாடிப் பயணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இதை வகுப்பில் படித்துவிட்டுப் போகிற பிள்ளை, தர்கா வாசலில் இருக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் அந்தக் கண்ணோடு பார்க்கும். அதனால் போவதற்கு முந்தின நாளே ஒரு மணி நேரம் ஒதுக்கி என்ன பார்ப்பீர்கள், எதைப் படமெடுக்கக் கூடாது, யாரிடம் பேசலாம், தாங்கவில்லை என்றால் எங்கே வந்து உட்காரலாம் என்று சொல்லிவிடுங்கள். தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மனநல மருத்துவமும் கிடைக்கட்டும் என்று அரசு கொண்டுவந்த தவா-துவா ஏற்பாட்டையும் அன்றே விளக்குங்கள். மருந்தும் வேண்டுதலும் ஒரே இடத்தில் நடப்பதைப் பார்க்கும்போது ‘எல்லாம் கைவிடப்பட்டவர்கள்’ என்ற எண்ணம் தளரும்.

திரும்பி வந்ததும் வட்டமாக உட்காரவைத்து ஒவ்வொருவரும் பார்த்ததை விவரமாகச் சொல்லச் சொல்கிற வழக்கம் பல இடத்தில் உண்டு. வேண்டாம். ஒருவர் பார்க்காததை இன்னொருவர் சொல்லி எல்லோர் தலையிலும் ஏற்றுவது அது. அதிர்ச்சிக்குப் பின் உடனே கட்டாயமாகப் பேசவைக்கும் ஒரு-முறை அமர்வை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. டீ, சாப்பாடு, ‘இன்று ராத்திரி வீட்டில் கூட யார் இருப்பார்கள்?’ என்ற ஒரு கேள்வி, இவ்வளவு போதும். பேச விரும்புகிறவர் பேசட்டும். 3 நாள் கழித்து வழக்கமான மேற்பார்வையில் எடுங்கள்.

மாணவர்கள் தங்களுக்குள் கேஸ் பேசும்போதும் இதே ஒழுங்கு: ‘கனமான ஒன்று சொல்லணும், இப்போ கேட்க முடியுமா?’ என்று முதலில் கேட்க வேண்டும். ரத்தமும் காயமும் இல்லாமல், தனக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

மூச்சுப்பயிற்சியை 8-ம் வாரம் வையுங்கள். 4 எண்ணும்வரை இழுத்து 6 எண்ணும்வரை விடுவது, 3 நிமிடம். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், தரையில் ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். மூச்சை அடக்கவும் சொல்ல வேண்டாம். அதிர்ச்சிப்பட்டவர்கள் சிலருக்குக் கண் மூடினால், மூச்சு அடங்கினால் பதற்றம் கூடும். அவர்களுக்கு உள்ளங்காலைத் தரையில் அழுத்திச் சுற்றிலும் தெரிகிற 5 பொருளைப் பெயர் சொல்வது எளிது.

---

மண்டபம்கரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. கூண்டு எண்ணை நிச்சயம் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சந்தேகம். 14 பேருக்கு மேற்பார்வையாளர் ஒரே ஒருவர்தான், வாரம் தனித்தனியாக எப்படிப் பார்ப்பது? மதிப்பெண் 25 போட்டே ஆக வேண்டும், எதற்குப் போடுவது? பள்ளியில் ஒரு குழந்தை பாலியல் துன்புறுத்தலைச் சொல்லிவிட்டால் பயிற்சி மாணவர் என்ன செய்வது என்பதும் பயமாக இருக்கிறது.

---

வைகைக்கரை

மேற்பார்வைக்கு: அமெரிக்கப் பயிற்சித் தர விதிகளில் வாரம் ஒரு மணி நேரம் தனியாகவோ இருவர் சேர்ந்தோ, அதோடு ஒன்றரை மணி நேரம் குழுவாக என்று இருக்கிறது. இருவர் சேர்ந்து என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 7 ஜோடி, வாரம் 7 மணி நேரம், குழு ஒன்றரை. மொத்தம் எட்டரை மணி நேரம். இதை அவருடைய பணி நேரத்தில் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் இரண்டாவது மாதம் அவர்தான் முதலில் சோர்வார். ஜோடி சேர்க்கும்போது ஒரே ஊர்க்காரர்களைச் சேர்க்காதீர்கள்.

மதிப்பெண்: மாணவர் தன்னைப் பற்றி வெளியில் சொன்னதற்கு ஒரு மார்க்கூடப் போடக் கூடாது. அமெரிக்க ஆலோசகர் சங்கத்தின் 2014 நெறிமுறையும், எதைப் பகிர்வது எதை வைத்துக்கொள்வது என்பது மாணவரின் உரிமை என்கிறது. நன்றாக அழுதவருக்கு அதிக மார்க் என்று ஆகிவிட்டால் அடுத்த ஆண்டு அழுகை பாடமாகிவிடும். திட்டத்துக்கு 10 போடுங்கள்: நலவாழ்வை ஆராய்ந்த மையர்ஸ், ஸ்வீனி வகுத்த படைப்பு, சமாளிப்பு, உறவு, உள்ளார்ந்த நம்பிக்கை, உடல் என்ற 5 பகுதியில் ஒவ்வொன்றிலும் நாள், நேரம், அளவு எழுதிய ஒரே ஒரு செயல். ‘நன்றாகத் தூங்குவேன்’ என்றால் 0, ‘ராத்திரி 10 மணிக்கு போனை அடுப்படியில் வைப்பேன்’ என்றால் முழு மார்க். 6-ம், 11-ம் வாரத்தில் எது நடக்கவில்லை, ஏன், எப்படி மாற்றினேன் என்று திருத்தியதற்கு 10. திட்டம் தோற்றதற்குக் குறைக்காதீர்கள், திருத்தாததற்குக் குறையுங்கள். மேற்பார்வைக்குத் தயாராக வந்ததற்கு 5.

உதவி தேவைப்படுகிற மாணவருக்கு நீங்களே ஆலோசகராக உட்காராதீர்கள். மார்க் போடுகிற கை வேறு, ஆறுதல் சொல்கிற கை வேறாக இருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தில் கேட்டு வெளி ஆள் ஒருவரை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

---

தொண்டிக்காரி

குழந்தை விஷயத்துக்கு: குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012 போக்சோ சட்டம் 19-ம் பிரிவுப்படி தெரியவந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், பயிற்சியில் இருப்பவர் என்ற விலக்கு இல்லை. அதனால்தான் அதைத் தனியாகச் சுமக்க விடக் கூடாது. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கவே கூடாது என்பதை முதல் வாரமே பழக்குங்கள். கொடுத்துவிட்டால் சட்டத்துக்கும் குழந்தைக்கும் நடுவில் மாட்டி மாணவர் நொறுங்குவார். ‘உனக்குப் பாதுகாப்பு வேணும்னா சில பேர்கிட்ட மட்டும் சொல்லணும், யாருகிட்டன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்’ என்பதுதான் வாக்கியம்.

அதன் பிறகு செய்ய வேண்டியது ஒரே ஒரு போன், மேற்பார்வையாளருக்கு. புகார் எழுதும்போதும் ஸ்டேஷனுக்குப் போகும்போதும் மேற்பார்வையாளர் கூடவே இருக்க வேண்டும். ஊரில் ‘அந்தப் பொண்ணுதான் போட்டுக்கொடுத்தா’ என்று பேச்சு வரும். அந்த மாணவரை 2 வாரம் வேறு களத்துக்கு மாற்றிவிட்டு, அந்தப் பள்ளிக்கு நீங்களே போய் வாருங்கள்.